மூன்று முறை கேட்கலாம்

‘உங்கள் விலையை நீங்களே கேளுங்கள்’ என்று என் கைபேசித் திரையில் ஒரு மஞ்சள் பட்டை மின்னிக்கொண்டிருந்தது. நசரத்பேட்டை தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் கார் அப்போதுதான் வேகமெடுத்திருந்தது. பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணனின் மனைவி, தலையை நீட்டி அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “இன்னாது, நாம கேக்கறதா? ஓட்டல்காரன் சொல்ல மாட்டானா? அப்ப இது ஏலம்மா!” என்றார். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அவர் குரலில் அப்படியொரு துள்ளலை நான் கேட்டதே இல்லை. முன்சீட்டில் இருந்த அவர் கணவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அந்த மஞ்சள் பட்டை இப்போது இல்லை. போன வாரம் அலுவலக வேலையாகக் கோயம்புத்தூர் போக அறை தேடியபோது அதே செயலியைத் திறந்தேன். எல்லா அறைக்கும் ஒரு பெரிய விலையைப் போட்டு, அதைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் ஒரு சின்ன விலையைப் போட்டிருந்தார்கள். பிடித்தால் எடு, இல்லையென்றால் போ என்று அர்த்தம். நம்மை யாரும் எதுவும் கேட்கச் சொல்லவில்லை. எனக்கு அது சப்பென்று இருந்தது, ஓரகத்தியின் ஞாபகம் வந்துவிட்டது.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. அம்பத்தூரில் வேலைக்கு வந்த இடத்தில் கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டு, நசரத்பேட்டையில் ஒரு ஃப்ளாட்டில் குடியேறினேன். அவருடைய அண்ணனும் அண்ணியும் குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பழைய வீட்டிலேயே இருந்தார்கள். மூத்தார், அதாவது அந்த அண்ணன், தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குப் போய்வருவார். நிலத்தையும் இரண்டு மாடுகளையும் ஓரகத்திதான் பார்த்துக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். அவரிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் எதையும் கேட்க மாட்டார். தீபாவளிக்கு ஆறு புடவை வாங்கிப் பரப்பினால் மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சியதை எடுத்து, “இதான் எனக்குப் புடிச்ச கலரு” என்பார். பல்வலியில் கன்னம் வீங்கிக் கிடந்தபோதுகூட டாக்டரிடம் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு அது பெருமையாக அல்ல, எரிச்சலாகத்தான் இருக்கும். கேட்டால்தானே தர முடியும்!

அந்த ஆவணியில் சேலத்தில் ஒரு உறவுக் கல்யாணம். வியாழக்கிழமை முகூர்த்தம். அதற்கு ஒரு வாரம் முன்பு என் கைபேசியில் பழைய ஆபீஸ் சுற்றுலாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஓரகத்தி. ஏற்காட்டில் எடுத்த ஒரு படத்தில் கட்டில், அதற்கு நேரே பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. அதை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். “பட்துகினே மலைய பாக்கலாமா?” என்றார். அவ்வளவுதான். போகலாமா என்று கேட்கவில்லை. அவர் வீட்டை விட்டு வெளியே தூங்கியதெல்லாம் கல்யாண மண்டபத்து ஜமக்காளத்திலும் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்திலும்தான், காசு கொடுத்த ஓட்டல் அறை ஒன்றில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமையே கிளம்பி ஒரு நாள் ஏற்காட்டில் தங்குவோம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். மூத்தார் நெடுநேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒரு பைசா கிடையாது. மதியம் மூன்று மணிக்குள் ரூம் கிடைத்தால் மலை, இல்லாவிட்டால் நேராகச் சேலத்துச் சித்தப்பா வீட்டுக் கூடம். ஏற்காட்டில் மலை தெரிகிற அறைக்கு அதைப்போல் மூன்று மடங்காவது ஆகும். அதனால்தான் அந்தச் செயலியைப் பிடித்தேன்.

அதன் விதிகளைக் காரிலேயே ஓரகத்திக்கு விளக்கினேன். ஊரையும் அறையின் தரத்தையும் சொல்லி நாம் ஒரு விலை கேட்க வேண்டும். அறை காலியாக இருக்கிற ஓட்டல்களுக்கெல்லாம் அது போகும். ஒரு மணி நேரத்துக்குள் யாராவது சரி என்றால் அந்த நொடியே பணம் போய்விடும், அதற்குப் பிறகுதான் எந்த ஓட்டல் என்றே நமக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்று திருப்பித் தர முடியாது, பணமும் வராது. ஒரு நாளைக்கு மூன்று முறைதான் கேட்கலாம். மூன்று முறை என்றதும் அவர் என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “எங்க ஏரி மீன் ஏலமும் இப்டித்தான்!”

அவருடைய அப்பா வருஷாவருஷம் ஏரி மீன் குத்தகையை ஏலம் கேட்பவராம். ஆண்கள் ஆலமரத்தடியில் கூடி நிற்க, பெண்பிள்ளைகள் கரைமேல் தள்ளி நிற்பார்களாம். அங்கிருந்தே யார் வீம்புக்குக் கேட்கிறான், யாருக்கு நிஜமாகவே மீன் வேண்டும் என்று இவருக்குத் தெரிந்துவிடுமாம். பன்னிரண்டு வயதில் ஒரு தடவை அடக்க முடியாமல் கரையிலிருந்தே ஒரு தொகையைக் கத்திவிட்டார். கூட்டம் சிரித்தது. வீடு வந்து சேரும்வரை அப்பா திட்டிக்கொண்டே வந்தார். “அத்தோட வாய மூடினவ நானு” என்று சிரித்துக்கொண்டே சொன்னார் ஓரகத்தி. ஏலம் ‘கேட்பது’ என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லை நான் அதற்கு முன் நின்று கவனித்ததில்லை. கைபேசியை அவர் மடியில் வைத்தேன். “அக்கா, இன்னைக்கு நீங்கதான் கேக்கீங்க. நான் அமுக்குறது மட்டுந்தான்” என்றேன்.

வேலூர் தாண்டி இட்லிக்கு நிறுத்தியபோது முதல் கேள்வி. ஆயிரம் என்று போடப்போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். “முழுசா கேக்காத. ஆயிரம்னு சொன்னா இவ கையில அவ்ளோதான் கீதுன்னு தெரிஞ்சிடும். ஆயிரத்து நூத்திப் பதினொண்ணுன்னு போடு. எண்ணி எடுத்துகினு வந்தா மாறி இருக்கும்.” போட்டேன். நாங்கள் இட்லி தின்று முடித்துக் காபியும் குடித்துவிட்டோம். கார் கிளம்பி வெகுதூரம் போன பிறகு பதில் வந்தது. ‘மன்னிக்கவும், சற்று உயர்த்திக் கேட்டுப் பாருங்கள்.’ எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஓரகத்திக்கோ ஒரே சந்தோஷம். “பாத்தியா, பதில் சொல்றான்! ஒசத்திக் கேளுன்றான்னா ரூமு காலியா கீதுன்னு அர்த்தம். ரூமு இல்லாதவன் பேசவே மாட்டான்.” பதில் சொல்வது மனிதன் அல்ல, புரோகிராம் என்று என் படிப்பைக் காட்டினேன். “புரோகிராமா இருந்தா இன்னா, அதுக்குப் பின்னாடி சோறு துன்ற ஓட்டல்காரன் ஒர்த்தன் கீறான்ல?” என்றார்.

இரண்டாவது கேள்வி கிருஷ்ணகிரியில், ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று. அதுவும் போணியாகவில்லை. இதற்குள் காரில் எல்லோருக்கும் ஜுரம் பற்றிக்கொண்டது. வண்டி ஓட்டிய என் கணவர், ஏதாவது வந்ததா என்று கண்ணாடி வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசாத மூத்தார்கூட இரண்டு தடவை கழுத்தைத் திருப்பினார். மூன்றாவதை உடனே கேட்டுவிடலாம், ஆயிரத்து ஐந்நூறையும் முழுசாகப் போட்டுவிடலாம் என்று நான் பறந்தேன். ஓரகத்தி அசையவில்லை. “பூந்தமல்லி மார்க்கெட்ல மீன் எப்ப சல்லிசா கெடைக்கும்? வெயில் ஏறின அப்பால. இன்னிக்கி ராத்திரிக்கி ஆளு வரலன்னா அந்த ரூமு அவனுக்கு நாறிப்போன மீனு. அவன் பயப்படட்டும், இரு” என்றார். தர்மபுரி போனது, தொப்பூர்க் கணவாய் போனது, சேலமும் வந்துவிட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. மலையடிவாரத்தில் ஒரு டீக்கடையோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். அதற்கு மேல் சிக்னல் இருக்காது. மணி இரண்டு அடிக்க ஐந்து நிமிடம். மூன்று மணிக்கு வண்டி திரும்பிவிடும்.

“ஆயிரத்து முன்னூத்தி நாப்பத்தேழு” என்றார். செயலி தங்குபவர் பெயர் கேட்டது. அவசர அவசரமாக அவர் பெயரை அடித்து அனுப்பினேன்.

அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. என் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட அப்படித் தவித்ததில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஓரகத்தி வண்டிக்குள் உட்காராமல் வெளியே நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தார் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார், பிறகு இன்னொரு டீ சொன்னார். இரண்டு நாற்பதுக்குக் கைபேசி ‘டிங்’ என்றது. ‘வாழ்த்துகள்!’ என்ற சொல்லுக்கு மேல் நான் படிக்கவே இல்லை, அலறிவிட்டேன். டீக்கடைக்காரர் பதறிப்போய்த் திரும்பினார். ஓரகத்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “குட்த்துட்டானா? நான் கேட்டதுக்கே குட்த்துட்டானா?” என்று மறுபடி மறுபடி கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவருக்கும் எனக்கும்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால், ஓட்டல் வரவேற்பில் இருந்த மேனேஜர் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “புக்கிங்ல ஒரு பேரு, ஆதார்ல வேற பேருங்க மேடம். ஒத்து வரலீங்களே.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அடித்தது வீட்டில் எல்லோரும் கூப்பிடும் பெயரை. அட்டையில் இருந்ததோ நான் கேள்விப்பட்டே இராத நல்ல நீளமான ஒரு பெயர். ஒன்பது வருஷமாகக் கூடவே இருக்கிறேன், என் ஓரகத்தியின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது! கம்ப்யூட்டர் படித்தவள் என்ற பெருமையெல்லாம் அந்த மேசைமேலேயே கரைந்தது. பெயரை மாற்ற முடியாது, பணமும் வராது, வேறு அடையாளம் காட்டினால் பார்க்கலாம் என்றார் மேனேஜர். நான் கெஞ்சினேன். மூத்தார், “சரி வா, சித்தப்பா ஊட்டுக்கே பூடலாம்” என்று வாசல் பக்கம் திரும்பிவிட்டார். கைக்கு எட்டியதை நானே தட்டிவிட்டேனே என்று என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம்.

ஓரகத்தி வாசலுக்குத் திரும்பவில்லை. இடது கை வளையலை மேலே தள்ளிவிட்டு, கையை மேசைமேல் நீட்டினார். முன்கையில் பச்சை குத்தியிருந்தது. சின்ன வயதில் ஏதோ ஜாத்திரையில் குத்திக்கொண்டதாம். அந்தக் கை பரிமாறித்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. “படி” என்றார். மேனேஜர் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். புக்கிங்கில் இருந்த அதே பெயர். (அதை இங்கே எழுதினால் என்னைத் தொலைத்துவிடுவார்.) “அட்டைல கீற மூஞ்சி யாருது? என்து. கைல கீற பேரு யாருது? அதுவும் என்து. பேரு ரெண்டு, ஆளு ஒண்ணுதான். ரூமைக் கேட்டது நானு, குடுக்கறன்னு சொன்னது நீ. இன்னும் உனுக்கு இன்னா வோணும்?” சத்தம் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. மேனேஜர் அந்தக் கையைப் பார்த்தார், அட்டைப் படத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஐடி புரூஃப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “ஆனா ரெண்டு பேருதான் தங்கலாங்க” என்றார்.

இதை யாருமே யோசித்திருக்கவில்லை. கேட்டது ஒரு அறை, நாங்கள் நான்கு பேர். மூத்தார் மெல்லத் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு பெருந்தன்மையோடு தங்கள் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, என்னிடமும் என் கணவரிடமும், “நீங்க சித்தப்பா ஊட்டுக்குப் போய்ச் சேருங்க, நாங்க நாளிக்கி வரோம்” என்றார். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஓரகத்திக்கு மலை கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஓரகத்தி கணவரிடம் போனார். அவர் தோளிலிருந்து பையைக் கழற்றினார். வேட்டி, சட்டை, துண்டை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். “நீங்க தம்பியோட கீழ போங்க. நானும் இவளும் இங்க இருக்கறோம்” என்றார்.

மூத்தார் துணிகளைப் பிடித்தபடி நின்றார். என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

“இது நான் கேட்ட ரூமு” என்றார் ஓரகத்தி. கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

ஆயிரத்து ஐந்நூறு என்றும் மூன்று மணி என்றும் தீர்ப்புச் சொன்ன அதே மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: “நாளிக்கி எத்தினி மணிக்கி வரட்டும்?”

“நானே போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து மாடிப்படியில் இழுத்துக்கொண்டு ஓடினார் என் ஓரகத்தி.