சடங்குக்குக் கொடுத்த கரண்டு

எங்கள் ஊர் வாவிக்கு இந்தப் பக்கம். கரண்டுக் கம்பி அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. அதனால் ஊரே சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, சோலார் தகடுகளைத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டினோம். என்னைத் தலைவியாகப் போட்டார்கள். வாய்க்காரி என்பதுதான் காரணம். சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது, கூட்டமெல்லாம் கண்ணகி அம்மன் கோயில் முன்றலில்தான். நாங்கள் விட்ட பெரிய பிழை அது. அம்மாளுக்கு முன்னால் இருந்துகொண்டு அம்மாளுக்கு இல்லை என்று எவர் சொல்வார்?

போன வைகாசியில், அம்மாளுக்கு வருடாவருடம் நாள்கணக்காக எடுக்கும் சடங்குக்கு முன் நடந்த கூட்டத்தில், சடங்கு முடியும்வரை அலங்கார லைற்றுக்கும் ஒலிபெருக்கிக்கும் சங்கத்துக் கரண்டு வேண்டும் என்று கோயில் தலைவர் கேட்டார். நான் எழும்பினேன்.

"பற்றரி தாங்காது. ஒரு மனுசன் மெசின் போட்டு மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறார். ஜெனரேட்டர் எடுங்க."

"சொந்தக் கரண்டு இரிக்கக்குள்ள இரவல் ஜெனரேட்டரா? அயலூரான் சிரிப்பான் கா," என்றார் கோயில் தலைவர்.

நான் சொன்ன அந்த மெசின்கார மனுசன் எனக்கு மச்சான் முறை. நெல் ஆலையில் வருடக்கணக்காக உமித்தூசி தின்ற நெஞ்சு. ஒட்சிசன் மெசின் ஓடினால்தான் படுக்கலாம். அன்றைக்கு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்திருந்தார். கை தூக்கச் சொன்னதும் முதலில் எழும்பிய கை அவருடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சான், உங்களுக்கென்ன விசரா?"

"அம்மாள் பாத்துக்கொள்ளுவா. சும்மா இரிங்க மச்சி."

அவரே தூக்கிய பிறகு மற்றவர்களுக்கு என்ன? முன்றல் முழுக்கக் கை.

சடங்கின் மூன்றாம் நாள், பொழுதுபட்டுப் பூசை தொடங்கும் நேரம், ஊரில் எல்லா லைற்றும் ஒன்றாக அணைந்தது. கோயிலில் 'ஐயோ' என்று சத்தம். சனம் பற்றரி அறைக்கு ஓடியது. நான் மச்சான் வீட்டுக்கு ஓடினேன். மெசின் நின்றிருந்தது. அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி ஒரு மட்டைத் துண்டால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள், பாவம், வேறு என்ன செய்வாள்?

ஆள் பிடித்து, தோணி தேடி, அவரை ஏற்றினோம். அக்கரையில் அம்புலன்ஸ் விளக்கு சுழல்வது தெரிந்தது. நடு வாவியில் அவர் தலை என் மடியில் சரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கோயில் ஜெகஜோதியாக நின்றது. பக்கத்து ஊரிலிருந்து ஜெனரேட்டர் வந்துவிட்டதாம். அவ்வளவு கெதியாக வரக்கூடிய சாமான்!

இந்த வருடம் கூட்டத்தைக் கோயிலில் வைக்க நான் விடவில்லை. தோணித்துறையில், வெயிலில் எல்லாரையும் இருத்தினேன். நோயாளி இருக்கும் வீட்டுக் கரண்டில் எவரும் கைவைக்கக் கூடாது, அம்மாளுக்கென்றாலும் கூடாது, அதைப் பற்றி இனிக் கூட்டமும் கிடையாது என்றேன். கோயில் தலைவர்தான் முதலில் கை தூக்கினார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு எல்லாக் கையும் உயர்ந்தன. மச்சானின் மனைவி மட்டும் கடைசியில் இருந்தாள், இரண்டு கையும் மடியில்.

"தூக்கு தங்கச்சி," என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப ஆருக்கு அக்கா?"