செம்புராங்கல் சுவர்

இன்று காலை சிலிண்டர் மாற்றும்போது லேசாகக் கேஸ் வாடை வந்தது. குளத்தூரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு நசீமா அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவே பூசாத செம்புராங்கல் சுவர். கல் முழுக்கப் பொத்தல். அவர் தாளிக்கும் வாசமெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வரும். ஆனால் குழாயடிச் சண்டைக்குப் பிறகு அம்மாவும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

ஒரு மத்தியானம் சுவரோரம் தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கல்லுக்குள்ளிருந்து கேஸ் நாற்றம் வந்தது. காற்றைவிடக் கனமான கேஸ் தரையோடு பரவி, கல்லின் துளைகள் வழியே புகுந்து என் மூக்குக்கு வந்திருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டேன். குனிந்து முகர்ந்து பார்த்தவர், ஓடிப்போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நசீமா, எந்த சுவிட்சையும் தொடாதீங்க! கேஸ் கசியுது, புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க!"

தூங்கிக்கொண்டிருந்தவர் கைக்குழந்தையோடு பதறி வந்தார். அம்மா உள்ளே போய் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டார்.

"ஒங்களுக்கு எப்புடிக்கா தெரிஞ்சுச்சு?" நசீமா அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்.

"சொவரு வழியா வந்துச்சு. எம்மகதான் கண்டுபுடிச்சா. இங்கிட்டு வந்து ஒக்காருங்க, டீ போடுறேன்."

இன்று சிலிண்டர் வாஷரை மாற்றியதும் வாடை நின்றது. நசீமா அக்காவுக்குப் போன் செய்தேன். அந்தக் கைக்குழந்தைக்கு அடுத்த மாதம் கல்யாணம். போனை எடுத்தது, கல்யாண வேலைக்காக அங்கே போயிருந்த என் அம்மா.