முந்நூற்றைம்பது மணிகள்

கிறேஸ் அக்காவுக்கு எண்ண வராது என்று சொன்னால் கண்டி மஹய்யாவையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மரக்கறிக் கடையில் ஒரு பச்சைமிளகாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுஷி. ஆனால் பாசிமணி கோக்க உட்கார்ந்தால் மட்டும் அவர் வாயில் ஒன்று, இரண்டு, மூன்று வராது. அருள் நிறைந்த மரியே என்றுதான் வரும்.

ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அங்கே வந்துபோன ஒரு கன்னியாஸ்திரி அவருக்குச் செபமாலை கோக்கப் பழக்கியிருக்கிறார். ஒரு மணிக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம். பத்து முடிந்ததும் ஒரு பெரிய மணி, அதற்கு ஒரு பரலோக மந்திரம். எண்ணிக்கையும் பிசகாது, ஆத்துமத்துக்கும் நல்லது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மாநகரசபையில் லொறி ஓட்டிய அவருடைய கணவர் வில்பிரட் செத்துப்போன பிறகு, கிறேஸ் அக்கா வீட்டிலிருந்தே பெண்களுக்கு மணிமாலை கோத்து விற்கத் தொடங்கினார். பிஸ்கட் டின் மூடியில் பழைய பனியன் துணியை விரித்து மணிகளைக் கொட்டுவார், உருண்டு ஓடாது. தங்கூசி நைலோன் நூலின் முனையில் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸைத் தடவிக் காயவைப்பார், அதுதான் ஊசி. வாய் முணுமுணுத்தபடி இருக்கும். நான் பக்கத்து வீடு. தனியாக இருக்கிறவர், தனக்குத்தானே பேசுகிறார் என்று நினைத்து நானும் கேட்டதில்லை. என்னிடமும் அவர் கோத்த ஒரு பச்சை மாலை இருந்தது. ஆறு வருடமாக அது என் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை; வெள்ளிக்கிழமைகளில் அதோடுதான் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தேன்.

அவருக்கு மறுபக்கத்து வீடு றம்லத். டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. அவள் வேலைக்குப் போன காலமெல்லாம் அவளுடைய மகள் பாயிஸாவுக்குச் சோறூட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பியது கிறேஸ் அக்காதான். அவருக்குப் பிள்ளை இல்லை. பாயிஸாவுக்கு அக்குறணையில் மாப்பிள்ளை முடிவானதும், "பிள்ளைக்கும் தோழிப் பிள்ளைங்களுக்கும் நான்தான் மாலை கோப்பேன், கடைப் பக்கம் யாரும் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். ஏழு மாலை. வெள்ளை முத்து, இடையிடையே தங்க நிறத்தில் பெரிய மணி. உண்மையைச் சொன்னால், கடையில் அப்படி அழகாகக் கிடைக்காது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை பின்னேரம் றம்லத் ஒரு பையோடு வந்தாள். கேட்டடியிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்து நேரே குசினியில் உட்காருகிறவள், அன்று கதிரையைக்கூடப் பார்க்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன்.

"கிறேஸக்கா, மாப்பிள்ளைட மாமி கொன்வென்டுல படிச்சவ. மாலைய எடுத்த உடனே எண்ணினா. பத்து, ஒன்னு. பத்து, ஒன்னு. அஞ்சு தரம். சிலுவை மட்டும்தான் இல்லயாம். எங்கட மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிற?"

கிறேஸ் அக்கா ஒரு மாலையை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பத்தாவது மணியில் விரல் நின்றது.

"தெரியாமப் போச்சு றம்லத். வேணும்னு செய்யல."

"எங்களுக்கு வேணாம். கடையில வாங்கிக்கொள்றம்."

பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திமிர் என்று அன்று நினைத்தேன். அழுகை வந்ததால்தான் நிற்காமல் போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அப்போதுதான் என் கழுத்து ஞாபகம் வந்தது. பச்சை மாலையை எண்ணினேன். பத்து, ஒன்று. பத்து, ஒன்று.

"ஆறு வருஷமா இதையா போட்டுக்கிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன்?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் அந்தத் தெருவுக்கே தெரியும்.

"பிள்ளையார் ஒன்னும் சொல்லலையே ஞானம்" என்றார் அவர்.

 அவர் அதற்கு மேல் என்னைக் கவனிக்கவில்லை. "அந்தப் பிள்ளை கடை மாலையோட உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாது. நான் கல்யாணத்துக்கே போகல" என்றார்.  

வெள்ளிக்கிழமை ஏழு மாலையையும் அறுத்துக் கொட்டி, வாயை மூடிக்கொண்டு கோக்கப் பார்த்தார். ஒன்றில் நாற்பத்துமூன்று மணி வந்தது, இன்னொன்றில் அறுபத்தொன்று. சனிக்கிழமை காலையில் நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன். பத்து வந்ததும் அவர் கை தானாகப் பெரிய மணியைத் தேடிப் போனது. செக்குமாட்டை அவிழ்த்துவிட்டாலும் வட்டமாகத்தான் நடக்கும். இரண்டு தரம் ஏசினேன். மூன்றாம் தரம் எழும்பி, றம்லத் வீட்டுக்குப் போய், செபம் சொல்லாமல் அக்காவுக்கு எண்ண வராது என்று உள்ளதைச் சொன்னேன்.

றம்லத் வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள். கொட்டிக் கிடந்த மணிகளை விரலால் அளைந்தாள்.

"இந்த ஏழுக்கும் ஓதினீங்களா?"

"ஓதினேன்."

"யாருக்கு?"

"வேற யாருக்கு? பாயிஸாவுக்குத்தான். போற எடத்துல நல்லா வச்சிக்கணும்னு."

"எத்தனை?"

"மாலைக்கு அம்பது. ஏழுக்கும் முந்நூத்தம்பது. பெரிய மணிக்குச் சொன்னது தனி."

றம்லத் முக்காட்டைச் சரிசெய்தாள். அதில் சரிசெய்ய ஒன்றும் இருக்கவில்லை. "பெரிய மணி வேணாம், எடுத்து வைங்க. நான் எண்ணுறன். நீங்க வாயப் பொத்திக்கொண்டு மணியக் கோத்தா போதும்" என்றாள்.

ஒன்றிலிருந்து ஐம்பது வரை நிறுத்தாமல் எண்ணினாள். பத்து வந்து அக்காவின் கை விலகும்போதெல்லாம் அந்தக் கையில் ஒரு தட்டு. ஆறு மாலை முடிந்தது. ஏழாவது, பாயிஸாவின் மாலை, நாற்பத்தொன்பதில் நின்றது. மூடியில் வேறு மணி இல்லை.

"டப்பால மிச்ச மணி கெடக்கு. அதுல ஒன்னு எடுத்துக் கோத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கிறேஸ் அக்கா.

"அதுல நீங்க ஓதல்லயே" என்றாள் றம்லத்.

டோர்ச் கேட்டாள். முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, அலுமாரிக்கு முன்னால் குப்புறப் படுத்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள், பெண்ணைப் பெற்றவள், தூசியில் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அலுமாரிக்கு அடியில் உருண்டு கிடந்த அந்த ஒரு மணியை எடுத்துவிட்டாள். சேலைத் தலைப்பில் துடைத்து நீட்டினாள். கிறேஸ் அக்கா அதைக் கோத்து முடிச்சுப் போட்டார்.

மறுநாள் அந்த மாலையோடுதான் பாயிஸா உட்கார்ந்திருந்தாள். கிறேஸ் அக்கா முன்வரிசையில் இருந்தார். அக்குறணை மாமி மணப்பெண்ணிடம் குனிந்து மாலையைத் தொட்டு எண்ணினார். ஐம்பது வரை எண்ணி, பத்து ஒன்று எதுவும் இல்லை என்று திருப்திப்பட்டு, சாப்பிடப் போனார்.