தங்கச்சி மூட்டிய நெருப்பைப் பார்க்க இங்கிலாந்துக்கு

1982இல், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு நானும் வாப்பாவும் சாய்ந்தமருதிலிருந்து இங்கிலாந்துக்குப் போனோம். ஊர் சுற்ற அல்ல, அங்கே மேற்படிப்பில் இருந்த என் தங்கச்சி நஸீராவைக் கூட்டி வர. பக்கத்து ஊரான கல்முனையில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் வேண்டும் என்று அவள் எழுதியதை வாப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்முனையிலிருந்து கொழும்புக்குச் சுமார் முந்நூற்றைம்பது கிலோமீற்றர். அதிகாலை ஐந்து மணி பஸ் எங்களைப் பொழுதுபடும் நேரத்தில் இறக்கிவிட்டது. மலை வளைவுகளை வாப்பா சமாளித்தார், நான் சமாளிக்கவில்லை. விமான டிக்கெட்டுக்கு ஒரு போகத்து நெல் போயிற்று. அப்போது முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை; இன்று போகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். லண்டனிலிருந்து மேலும் இரண்டு மணி நேரம் ரயில்.

நிலையத்துக்கு வந்த நஸீரா, "நாளைக்கு எனக்கொரு சோதனை இரிக்கி வாப்பா. அதப் பார்த்துட்டுக் கதைப்பம்" என்றாள்.

விமான எஞ்சினிலும் மின்சாரம் எடுக்கிற டர்பைனிலும் எண்ணெய் எரிகிற அறைதான் அவளுடைய ஆராய்ச்சி. சாதாரணக் காற்றில் ஒழுங்காக எரியும் நெருப்பு, எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாதாம். அதனால் கனத்த உருக்குக் கூட்டுக்குள் அந்த அறையை வைத்து, காற்றைச் சூடாக்கி, அமுக்கி உள்ளே அனுப்பி, எரித்துப் பார்க்கிறார்கள். நாங்கள் கொங்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் இருந்தோம். ஏழெட்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் முக்காடு போட்ட எங்கள் நஸீரா. எரியும் அறை அவளே வரைந்தது. அது முழு அழுத்தத்தில் எரியாவிட்டால் ஆராய்ச்சி அதோடு சரி, அவள் எங்களோடு பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினார்கள். பாதியைத் தாண்டியதும் தரை உறுமியது. யாரும் வாய் திறக்கு முன் நஸீரா நிறுத்தச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாமே என்றார் அவளுடைய பேராசிரியர். அவள் மறுத்தாள். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

வாப்பா சொந்த அரிசி ஆலையில் பொயிலரோடு காலம் தள்ளியவர். "ஏன் மகள் நிப்பாட்டின?" என்று கேட்டார்.

"நெருப்பு ஆடத் தொடங்கிட்டு வாப்பா. அந்த ஆட்டத்தோட அமுக்கத்த ஏத்தினா அறை உடைஞ்சிரும். எண்ணெய் போற அளவ மாத்திட்டுத் திரும்பப் பத்தவெப்பன்."

"ஓம், நானெண்டாலும் நிப்பாட்டித்தான் இரிப்பன்."

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தோம். இந்த முறை உறுமல் இல்லை. முழு அழுத்தத்திலும் சுடர் தொலைக்காட்சித் திரையில் அசையாமல் நின்றது. எல்லோரும் எழுந்து அவளுக்குக் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வாப்பா பக்கத்தில் நின்றவரின் தோளைத் தட்டி, "மை டோட்டர்" என்றார். வாப்பாவின் இங்கிலீஷ் அவ்வளவுதான்.

பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்களா? போனால் கோட்டை கொத்தளம் பார்ப்பதற்கு முன் அவர்கள் வேலை செய்யும் இடத்தைப் பாருங்கள். அனுமதியை முன்பே கேட்டு வையுங்கள். காதடைப்பான் தந்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். மார்ச்சிலும் குளிர் எலும்பைத் தொடும், கம்பளி உடுப்பு இல்லாமல் போகாதீர்கள்.

நாங்கள் இருவராகத்தான் ஊர் திரும்பினோம். மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். "பொம்புள வரல்லியா முதலாளி?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.

"அவக்கு அங்க வேல இரிக்கி" என்றார் வாப்பா. "நம்மட ஊர்ல கலியாணம் முடிச்சா மாப்பிளதானே பொம்புளட ஊட்டுக்குக் குடிபோற? அவட ஊடு இப்ப இங்கிலாந்துல. விருப்பமெண்டா உங்கட மருமகன அங்க போகச் சொல்லுங்க."