கேப்டன் தூங்கிய நாளில் பெய்த மழை

அன்றைக்கு என் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து நானும் இருந்தேன் என்று சொல்லக்கூடாது. உள்ளறைக் கட்டிலில் கேப்டன் நடராஜா. முன்னறைப் பாயில் துணை விமானி அஸ்லான். அடுப்படியில் என் மனைவி சரசு. வாசலில் முக்காலி போட்டுப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்கா. அக்காவின் சேவல், கவிழ்த்த கூடைக்குள். நான் மட்டும் ஓர் இடத்திலும் இல்லை. கேப்டனின் கைப்பேசியை, எண்ணெயிலிருந்து எடுத்த வடையைப் போல இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு வீடு முழுக்க அலைந்துகொண்டிருந்தேன்.

இத்தனை வருடம் கழித்து இது ஏன் ஞாபகம் வந்தது தெரியுமா? இப்போது நான் செண்டாயான் பக்கம் கைப்பேசி ஆப் வழியாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். இன்று மத்தியானம் கைப்பேசி டிங் என்றது. ‘நீங்கள் நெடுநேரமாக ஓட்டுகிறீர்கள், சற்று ஓய்வெடுங்கள்’ என்று இருந்தது. என் மேல் இவ்வளவு அக்கறையா என்று கண்ணாடியைத் துடைத்து இரண்டாம் முறை படிப்பதற்குள் அதே கைப்பேசி மறுபடியும் டிங் என்று, அடுத்த ஆள் காத்திருக்கிறார், கிளம்பு என்றது. சாப்பிடு சாப்பிடு என்று சொல்லிக்கொண்டே இலையை இழுப்பது மாதிரி. அப்போதுதான் கேப்டன் நடராஜா வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நினைப்பில்தான்.

நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். விமானத்துக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், செப்பாங்கில் இறங்குகிற விமானமெல்லாம் புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே வந்துதான் சக்கரத்தை நீட்டும் என்பது. ஒன்று விழுந்தால் நம் வீட்டின் மேல்தான் என்று நான் முடிவே பண்ணியிருந்தேன். அலமாரியை எந்தச் சுவரோரம் வைத்தால் சேதம் குறையும் என்று ஒருநாள் அளந்துகூடப் பார்த்தேன். நான் தூங்கிய பிறகு சரசு அலமாரியைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டாள்.

அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலை, ஒரு முதலாளியின் சொந்த ஜெட்டை ஓட்டுகிறவர்களை வேனில் ஏற்றி இறக்குவது. விமானம் எப்படி விழும் என்று பயந்தவனுக்கு, யார் விழவைப்பார்கள் என்று ஆளையே காட்டிவிட்டார்கள்.

சொந்த ஜெட் விமானி என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? கறுப்புக் கண்ணாடி, சுருட்டிவிட்ட வெள்ளைச் சட்டைக் கை. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் வாரமே கேப்டன் நடராஜா முட்டி போட்டு, விமானத்துக் கம்பளத்திலிருந்து முதலாளியம்மாவின் நாய் முடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டி தூக்குவது அவர். சாப்பாடு வந்ததா என்று பார்ப்பது அவர். பறக்கும் வழியை எழுதிக்கொடுப்பது, எண்ணெய் ஊற்றச் சொல்வது, கழிப்பறைக் காகிதம் மாற்றுவது எல்லாம் அவரும் அஸ்லானும்தான். நடுநடுவே நேரம் கிடைத்தால் பறக்கவும் செய்வார்கள். பெரிய கம்பெனி விமானங்களில் இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பதில் கறாராம். இங்கே கறார் எல்லாம் முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான். முன்னால் இருந்த கேப்டன் ஒருநாள், “சார், களைப்பா இருக்கு, நாளைக்குப் போவோம்” என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே அவர்கள் சிங்கப்பூரிலிருந்து முதலாளியைக் கொண்டுவந்து செப்பாங்கில் இறக்கினார்கள். முதலாளி நிலம் பார்க்கப் போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் போனார். சாப்பிட்டதும் வந்துவிடுவேன், கடல் தாண்டிப் பெர்த் நகருக்குப் போகவேண்டும் என்றார். சாப்பிட்டார், வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் என்று மிஸ் லின் போன் செய்தார். மிஸ் லின் முதலாளியின் செக்ரட்டரி. கெட்ட மனுஷி இல்லை, முதலாளிக்கும் உலகத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர். காத்திருக்கும் அறையின் சோபாவிலேயே கேப்டன் ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்றார். அந்த சோபாவுக்கு எதிரில் காப்பி மெஷின் ஒன்று ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டல் அறைக்கு வழியில்லை. செப்பாங்கில் மோட்டார் பந்தயம், எங்கும் ஆள்.

நான் கேப்டனையும் அஸ்லானையும் வேனில் ஏற்றி உட்காரவைத்தேன். கேப்டன் பெல்ட்டைப் போட்டார். பிறகு கையைத் தூக்கி வேன் கூரையில் எதையோ தேடினார்.

“என்ன சார் தேடறீங்க?”

“எஞ்சின் சுவிட்ச் எங்க தம்பி?” என்றார்.

சாயங்காலம் இந்தக் கைதானே ஏழு பேரைக் கடலுக்கு மேலே தூக்கிக்கொண்டு போகவேண்டும்! வேனை நேராக எங்கள் லயத்துக்குத் திருப்பினேன்.

வாசலிலேயே பச்சையம்மா அக்கா மறித்தார். அக்கா எஸ்டேட்டில் பொம்பளை ஆள்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றது சம்பளம் மட்டும்தான். குரல் இன்னும் வேலையில் இருந்தது. கேப்டனுக்கு ரெம்பாவ் பக்கம் பூர்வீகம், தாத்தா இதே எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணி என்று தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“அந்தக் கண்ணாடிக் கிராணி பேரனா நீங்க? அவருதானே லா என் பேர வெட்டுனாரு! பெரட்டுல விடிய விடிய நின்னோம், மழ வுடல. ‘நின்னதுக்கெல்லாம் பேரு போட முடியாது’ன்னுட்டாரு மனுசன்.”

‘லா’ எங்கள் பேச்சில் ஒட்டிக்கொண்ட மலாய் வால்; பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள்கள் கூடி நின்று வேலைக்குப் பிரிகிற இடம். பேர் போடுவது என்றால் அன்றைய கூலிக்குக் கணக்கில் ஏற்றுவது. நின்றால் பேர் இல்லை, ரப்பர் மரத்தை வெட்டிப் பால் எடுத்தால்தான் பேர்.

கேப்டன் தூக்கக் கண்ணோடு அக்காவைப் பார்த்தார். “இப்ப எனக்கும் அதைத்தான் அக்கா சொல்லுறாங்கள். சோபாவில இருந்ததெல்லாம் டியூட்டியா எண்டு கேக்கிறாங்கள்.”

“நல்லா வேணும்” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, அவரே போய்ச் சேவலைப் பிடித்துக் கூடைக்குள் கவிழ்த்தார். “போய்ப் படுங்க. இது கத்தாது.”

அதற்குப் பிறகு என் கஷ்டம் ஆரம்பித்தது. விமானம் ஓட்டுகிறவருக்குத் தலையணை எவ்வளவு உயரம் வேண்டும்? ஒரே பக்கம் படுத்தால் காதில் ஏதாவது அடைத்துக்கொண்டு மேலே போய் வெடிக்குமா? சரசுவிடம் கேட்டேன். “அவர் தூங்கிட்டாரு. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க லா” என்றாள். தாளிக்காதே, கடுகு வெடிக்கும் என்றேன். அவள் கரண்டியைக் காட்டினாள். நான் வெளியே வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், தலைக்கு மேலே விமானங்கள் தகரக் கூரை அதிர அதிரப் போய்க்கொண்டிருந்தன. கேப்டன் அசையவில்லை. தாலாட்டு மாதிரி இருந்திருக்கும். கைப்பேசி லேசாக ர்ர்ர் என்றால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

“கேப்டன், நீங்க ரெஸ்ட் எடுக்கிறீங்களா?” மிஸ் லின்தான்.

“எடுத்துக்கொண்டு இருந்தேன்” என்றார் கேப்டன்.

போனை வைத்துவிட்டு என்னிடம், “ஆரும் எழுப்பினா ஓய்வு திரும்ப முதல்ல இருந்து தம்பி” என்றார். அப்படியொரு கணக்காம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மிஸ் லின்: ஓய்வு தொடங்கிவிட்டதா என்று எழுதிவைக்கவேண்டும் என்றார். தொடங்கியது, அந்த போனோடு முடிந்தது. அதற்கப்புறம்தான் போனை நான் வாங்கிவைத்துக்கொண்டேன். வாங்கியபிறகுதான் யோசித்தேன், அடித்தால் நான் என்ன பேசுவது?

அடித்தது. காதில் வைத்தேன். முதலாளி கிளம்பப்போகிறார், கேப்டன் உடனே வரவேண்டும், கேப்டன் ‘ஃபிட்’டா என்று மிஸ் லின் கேட்டார். ஃபிட் இல்லை என்று சொன்னால் கேப்டன் வேலை போய்விடும். ஃபிட் என்று சொன்னால் விமானம் போய்விடும். போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் ஓடினேன்.

“அந்தாளு முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றார் அக்கா.

“சொன்னா வேல போயிரும்க்கா.”

“அப்ப அந்தாளு சொல்லக்கூடாது. இங்க குடு.”

பிடுங்கிக்கொண்டார். முப்பது வருடம் தோட்டத்துத் துரைகளிடம் பேசிய அதே குரலில், அதே மலாயில், எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “ஹலோ! ஹுஜான்! ஹுஜான் பெசார்! ஹாரி இனி தா கெர்ஜா!”

மழை. பெரிய மழை. இன்றைக்கு வேலை இல்லை.

ரப்பர் காலத்து ஆள்களுக்கு இது புரியும். பட்டை நனைந்தால் மரம் வெட்டமுடியாது, பால் வழிந்து ஓடிவிடும். எந்தத் துரையானாலும் ஒன்றும் பேசமுடியாது. பேரும் கிடையாது, பேச்சும் கிடையாது; வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். மண்டோர் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ‘மழ’ என்றால் மழைதான். “தீவாளிக்கு மொத நாளு பனிக்கே மழன்னு சொல்லியிருக்கேன்” என்று அக்கா பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

ஆனால் அன்றைக்குப் பனியும் இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். ‘ஹுஜான்’ என்ற குரல் கேட்டதும் சரசு அடுப்படியிலிருந்து ஓடிவந்து, கொடியில் கிடந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். பாயில் கிடந்த அஸ்லான் எழுந்து, கைப்பேசியில் வானிலையைப் பார்த்தான். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். “பெத்துல் லா, காக். ஹுஜான்”, நிஜம்தான் அக்கா, மழைதான் என்று ஒப்புக்கொண்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

போன் என் கைக்கு வந்தது. “அங்கிள், உண்மையாவா? இடி மின்னலா?” என்றார் மிஸ் லின். எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. “நான் முழுசா நனைஞ்சிட்டேன் மிஸ்” என்றேன். அது பொய் இல்லை.

பயணம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது.

சாயங்காலம் கேப்டன் எழுந்து, முகத்தில் பாய்க்கோடு மாதிரி தலையணை மடிப்போடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். வெளிறிய முகத்தோடு அவர் நிற்கும்போதே முதலாளியே போன் செய்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அணைக்க எனக்குத் தெரியவில்லை.

“நடராஜா, நான் கடற்கரையில உக்காந்திருக்கேன். ஒரு மேகம் இல்ல. உனக்கு மட்டும் எங்கய்யா மழ?”

கேப்டன் வாசலைப் பார்த்தார். பச்சையம்மா அக்கா சேவலுக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார்.

“லோக்கல் மழை சார்” என்றார் கேப்டன். “மிகவும் லோக்கல்.”

அந்தப் பக்கம் எதையோ உடைக்கிற சத்தம் கேட்டது. “சரி லா. நண்டு இங்க நல்லா இருக்கு” என்று சொல்லி முதலாளி வைத்துவிட்டார்.

அதிலிருந்து, முடியாத நாள்களில் கேப்டன் எனக்கு ஒரே வரி அனுப்புவார்: ‘அங்கே மழையா தம்பி?’ நான் அக்காவிடம் போய்க் கேட்பேன். அக்கா உடனே சொல்லமாட்டார். எழுந்து போய், கோயில் பக்கம் மிச்சமிருந்த கிழட்டு ரப்பர் மரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். பாதி நாள் ‘மழ இல்ல, போகச் சொல்லு’ என்பார். அவர் அப்படிச் சொன்ன நாள்களில் கேப்டனும் எதிர்த்துப் பேசாமல் போய்ப் பறந்துவிட்டு வருவார். கடைசியில் மிஸ் லின்னே என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில், “அங்கிள், ஹுஜான் தா?”, மழை உண்டா இல்லையா என்று கேட்கத் தொடங்கினார். அவருக்கும் சில நாள் வீட்டுக்கு நேரத்தோடு போகவேண்டியிருந்தது.

பிறகு முதலாளி ஜெட்டை விற்றார். கேப்டன் அரபு நாட்டுப் பக்கம் போனதாகக் கேள்வி; அங்கே மழையென்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று நான் கொஞ்ச நாள் தூங்காமல் கவலைப்பட்டேன். எஸ்டேட் கைமாறியது. லயத்தை இடித்தார்கள், ரப்பர் மரத்தைத் தள்ளினார்கள். அக்கா தன் மகள் வீட்டோடு போய், போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதை யோசித்துக்கொண்டு வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தேனா, செண்டாயானில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. அசல் மழை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். கைப்பேசி டிங் என்றது.

‘உங்கள் பகுதியில் மழை பெய்கிறது. வாடிக்கையாளர்கள் அதிகம். உடனே வெளியே வாருங்கள்.’

சீட்டை நிமிர்த்தி, வைப்பரைப் போட்டேன்.