சத்தம் வராத வகுப்பு

என் முதல் வேலை போனது, வகுப்பில் சத்தம் வரவில்லை என்பதற்காக. சிரிக்காதீர்கள். புதிதாக வாத்தியார் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுச்சேரியை அடுத்த பாகூர் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. பிள்ளைகள் பகலில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தார்கள். ஆனால் வெல்லம் விற்கக் கடலூர் போக வேண்டும், அது இங்கிலீஷ்காரன் எல்லை. அதனால் ஊர்ப் பண்ணையார் தன் வெல்லக் கிடங்கின் முன்னறையில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு வைத்தார். கடலூரில் மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை வாத்தியாராகப் போட்டார். அவருடைய மகள் கமலமும், அவர் தம்பி பிள்ளைகளும் என் மாணவர்கள்.

எனக்கு முன்னால் இருந்தவர் வார்த்தைப் பட்டியலை ஒப்பிக்க வைத்தே காலம் தள்ளியிருந்தார். ‘அபன்டன் என்றால் கைவிடு, அபன்டன் என்றால் கைவிடு’ என்று கத்துவார்களாம், தெருக்கோடிவரை கேட்குமாம். ஒரு வரி படிக்கச் சொன்னால் திருதிருவென்று முழித்தார்கள். பட்டியலை ஓரங்கட்டினேன். வெள்ளத்தில் மாட்டிய ஓர் ஓடக்காரனும் அவன் நாயும் வரும் கதைப் புத்தகத்தை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன்.

“வாயைத் திறக்காம படிங்க. தெரியாத வார்த்தை வந்தா நிக்காதீங்க. முன்னே பின்னே படிச்சா தானா புரியும்” என்றேன்.

மற்றவர்கள் மெள்ளத்தான் வழிக்கு வந்தார்கள். கமலமோ வெல்லத்தில் எறும்பு மாதிரி புத்தகத்தில் ஒட்டிக்கொண்டாள்.

ஒருநாள் பண்ணையார் வந்து வாசலில் நின்றார்.

“இன்னா வாத்தியாரே, எழவு வுழுந்த வூடு மாதிரி கம்முனு கெடக்குது? புள்ளைங்க படிக்குதா, தூங்குதா?”

“மனசுக்குள்ள படிக்கிறாங்கய்யா.”

“மனசுக்குள்ள படிச்சா எனக்கு எப்பிடிய்யா தெரியும்? ரோட்டுல போறவன் காதுல வுழ வேணாம்?”

மகளின் புத்தகத்தை வாங்கி ஒரு வார்த்தைமேல் விரலை வைத்தார். “இதுக்கு இன்னாடி அர்த்தம்?”

அது ‘ரிலக்டன்ட்’. பட்டியலில் இல்லாத வார்த்தை, நானும் சொல்லிக்கொடுத்ததில்லை.

“ஓடக்காரன் கூப்புடுறாம்பா. நாய்க்கு ஏற மனசு வரல. கிட்ட வருது, பின்னால போவுது. அந்த மனசுக்குத்தான் இந்த வார்த்தை” என்றாள் கமலம்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பண்ணையார் முகம் சிவந்துவிட்டது.

“அர்த்தம் கேட்டா நாய்க்கதை சொல்றா! இதுக்கா உனுக்குச் சம்பளம்?”

“ஐயா, அவ சொன்னதுதான் அர்த்தம். இப்பிடியே வுடுங்க, எந்தப் புத்தகத்தையும் தானே படிச்சிடுவா.”

“பொட்டப்புள்ள புஸ்தகம் படிச்சி இன்னா பண்ணப் போவுது? மாப்ள வூட்டுக்காரங்க வந்தா நாலு வார்த்தை எடுத்து வுடணும், அவ்ளோதான். நாளைலேருந்து சத்தம் வரணும்.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “சத்தந்தான் வேணும்னா நாலு தவளையப் புடிச்சி உக்கார வைங்கய்யா!”

அத்தோடு என் கணக்கு முடிந்தது. பழையவரையே திரும்பக் கூட்டிவந்தார்கள்.

சில நாள் கழித்துக் கிடங்கு வழியாகப் போனேன். உள்ளே ஒரே கூச்சல். பண்ணையார் வாசலில் வெற்றிலை மென்றபடி, நாட்டுக்கே கல்வி கொடுத்துவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கமலமும் கத்திக்கொண்டுதான் இருந்தாள். அவள் மடியில் விரித்திருந்த பட்டியல் நோட்டுக்கு உள்ளே அந்தக் கதைப் புத்தகம். வாய் கும்பலோடு ‘கைவிடு, கைவிடு’ என்றது. கண் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பன் இருமினால் நோட்டை மூடிக்கொண்டாள், சற்றுப் பொறுத்து மறுபடி விரித்தாள்.

கெட்டிக்காரி என்று நீங்கள் மெச்சலாம். எனக்கு வயிறுதான் எரிந்தது. அரிசியா திருடினாள், வெல்லமா திருடினாள்? சொந்த அப்பன் வீட்டில், படிப்பதற்கென்றே நடக்கும் வகுப்பில், ஒரு பெண் திருட்டுத்தனமாகப் படிக்க வேண்டுமா?

உங்கள் வகுப்பு அமைதியாக இருந்தாலும் எவராவது வந்து ‘ஏன் சத்தமில்லை’ என்று கேட்பார். சண்டை போடுங்கள். வேலை போனால் இன்னொன்று கிடைக்கும், எனக்குக் கிடைத்தது. கதை நடுவில் இருக்கும் பிள்ளையை மட்டும் கத்தச் சொல்லாதீர்கள்.