பேரல் டீசல்

ஒன்றைச் செய்யாதே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதைச் செய்தே தீருவேன். இந்தப் பாழாய்ப்போன குணத்தால் கடைசியில் தவித்தது நான் அல்ல, என் தங்கை.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. அங்கே டிராக்டருக்காக ஒரு பேரல் டீசல் எப்போதும் கிடக்கும். அதிலிருந்தே வாளியில் பிடித்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, காருக்கும் ஊற்றுவேன். எங்கள் பக்கம் தோட்டக்காரர்கள் பலரும் செய்வதுதான். சில மாதங்களில் வண்டி காலையில் கிளம்ப அடம்பிடித்தது. நின்றால் உதறல், மிதித்தால் கரும்புகை. இன்ஜினில் டக் டக்கென்று ஒரு சத்தம் வேறு.

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த தங்கைக்கு அந்தச் சத்தம் ஒரே சிரிப்பு. "நீங்க தெருமுக்கு திரும்பறப்பவே தெரிஞ்சுபோகுதுங்கண்ணா. உடனே அடுப்புல பாலை வெச்சுப்போடுவேன்" என்பாள்.

உக்கடத்தில் டீசல் வண்டி பார்க்கும் பாய் ஒருவரிடம் காட்டினேன். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இன்ஜெக்டர் போயிட்டிருக்குதுங்க. பேரல் டீசல் ஊத்தறீங்களாட்ட இருக்குது. அடியில தண்ணியும் துருவும் நிக்கும். டிராக்டர் தாங்கிக்கும், இது தாங்காதுங்க. டீசலைப் பீச்சற ஓட்டை முடியை விடச் சின்னது. ரெண்டு நாளைக்கு வண்டியை உட்டுட்டுப் போங்க."

"முப்பது வருசமா டீசல் ஊத்தறவனுக்கு நீங்க சொல்லித் தர்றீங்களாக்கும்" என்று எகிறினேன். "சரிங்க, பார்த்துப் போங்க" என்றார். அதே பேரலில்தான் மறுபடியும் பிடித்து ஊற்றினேன்.

அந்த நாட்களில்தான் தங்கைக்கு ஈரலில் புற்று முற்றிப்போய், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் அவளே போன் செய்தாள்.

"அண்ணா, இன்னைக்கு வாரீங்களா?"

"வாரேன் கண்ணு. பத்து மணிக்கெல்லாம் அங்க இருப்பேன்."

கிணத்துக்கடவு தாண்டியதும் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. எதிரிலேயே பஸ் ஸ்டாப். ஏறியிருந்தால் ஒரு மணி நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஏறவில்லை. அந்த பாய் சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். பானெட்டைத் திறப்பதும் சாவியைத் திருப்புவதுமாக பேட்டரி தீரும்வரை மல்லுக்கட்டினேன். மூன்று பஸ்கள் என்னைத் தாண்டிப் போயின. நடுவில் தங்கையின் வீட்டுக்காரர் போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டார். "இதா, பக்கத்துல வந்துட்டேனுங்க மாப்பிள்ளை" என்று கூசாமல் பொய் சொன்னேன். நாலாவது பஸ்ஸில்தான் ஏறினேன்.

தெருமுக்கிலிருந்து நடந்து போனபோது வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. மாப்பிள்ளை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அரைமணி நேரம் ஆச்சுங்க மச்சான். நீங்க பக்கத்துல வந்துட்டீங்கன்னு சொன்னதும் ஃபேனை நிறுத்தச் சொல்லிப்போட்டா. அந்தச் சத்தத்துல உங்க காரு சத்தம் கேக்காமப் போயிருமாம். வேர்த்து ஊத்துது, போடலாம்னா ஒத்துக்கவே இல்லைங்க. வாசப்பக்கமா திரும்பியே படுத்திருந்தா."

அறைக்குள் போய் முதலில் ஃபேனைப் போட்டேன். பிறகு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வண்டியை உக்கடத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். பாய் கழற்றிக் காட்டினார். இன்ஜெக்டர்களின் முனையெல்லாம் துரு. நாலையும் மாற்றினார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது வண்டி சத்தமே போடுவதில்லை. மாப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது, வாசலில் நின்று கதவைத் தட்டுகிறேன்.